கைவினையும் வேதக் கதையுமாக ஒரு சனிக்கிழமை: பெற்றோர் கூட உட்கார வேண்டுமா, விட்டுவிட்டுப் போகலாமா?

செந்தூல்வாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சபையில் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை குடும்பங்களுக்கென்று ஒரு பிற்பகல் நிகழ்ச்சி வைக்கப் பேச்சு நடக்கிறது. கைவினை, வேதக் கதை, பாட்டு, அப்புறம் சாப்பாடு. வயது வாரியாகப் பிரித்து உட்கார வைக்கிற ஞாயிறு பள்ளி இல்லை, பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் ஓடுகிற வேதாகமப் பள்ளியும் இல்லை. மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஐந்தரைக்கு நாற்காலிகளை மடக்கிவிடலாம்.

எங்கள் ஐயர் (சபைப் போதகர்) காட்டிய முன்மாதிரி இங்கிலாந்தின் 'மெஸ்ஸி சர்ச்'. 2004-ல் போர்ட்ஸ்மத்துக்குப் பக்கத்தில் கவ்பிளெய்ன் என்ற இடத்தில் ஓர் ஆங்கிலிக்கன் சபையில் லூசி மோரும் அவருடைய குழுவினரும் தொடங்கியது, இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது. ஞாயிறு காலையில் வராத குடும்பங்களை மனதில் வைத்துத்தான் தொடங்கினார்கள். அங்கே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை: பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போக முடியாது, கூட வந்த பெரியவரும் மேசையில் உட்கார்ந்து பசையைத் தொட வேண்டும்.

சண்டை இங்கேதான். கமிட்டியில் பாதிப் பேர், "இங்கே அது நடக்காது சிஸ்டர், நம் ஆட்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு லோட்டஸுக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள், அவர்கள் இல்லாவிட்டால் நமக்கும் வேலை சுலபம்" என்கிறார்கள். பெரியவர்கள் உட்காரவில்லை என்றால் இதை நடத்தவே வேண்டாம் என்பது என் கட்சி. இலவசக் குழந்தைக் காப்பகம் நடத்த எனக்கு ஆசை இல்லை. கதை, இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய சகேயு என்று முடிவாகிவிட்டது, அதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். மீதி எதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பசையும்_கத்தரியும் | திங்கள், இரவு 10.15

பெற்றோர் விவகாரத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் கைவினை. இணையத்திலிருந்து ஒரு படத்தை அச்செடுத்து முப்பது பிள்ளைகளுக்கும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதைத் தயவுசெய்து கைவினை என்று அழைக்காதீர்கள். முப்பதும் ஒரே மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டிலேயே கிடக்கும்.

இன்னொன்று, வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் இங்கே செய்ய முடியாது. உப்பு மாவு பொம்மை என்று எல்லோரும் சொல்வார்கள்: இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் உப்பு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர். செய்வது எளிதுதான். ஆனால் கோலாலம்பூர் காற்றில் அது தானாகக் காயவே காயாது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுநாளும் பிசுபிசு என்று இருக்கும். குறைந்த சூட்டில் ஓவனில் சில மணி நேரம் வைத்தால்தான் உண்டு. சபை மண்டபத்தில் ஓவன் இருக்கிறதா? இல்லை என்றால் விட்டுவிடுங்கள். போஸ்டர் வண்ணமும் அப்படித்தான், மழை நாளில் ஐந்தரைக்குள் காயாது, ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் கார் இருக்கையில் தேய்ப்பார்கள். மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம், அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மணிலா அட்டை, பழைய முட்டைத் தட்டு, அலுமினியத் தாள், சணல் கயிறு, குச்சிப் பசை. இவ்வளவு போதும். சகேயுவுக்கு மரம் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு தகவல். அது காட்டத்தி. நம் அத்தி, ஆல், அரசு எல்லாம் அதே இனம். பழம் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். எல்லாப் படத்திலும் ஏதோ ஆப்பிள் மரம் போல வரைந்து வைத்திருக்கிறார்கள். அடிமரத்தைப் பெரிதாகச் சுருட்டிச் செய்து, காகித உருண்டைகளை அதன்மேலேயே ஒட்டச் சொல்லுங்கள், சின்னக் கைகளுக்கும் அதுதான் சுலபம்.

பழைய_தோட்டக்காரர் | செவ்வாய், காலை 6.50

செந்தூல் தங்கச்சிக்கு ஒரு கிள்ளான் கிழவனின் மறுப்பு. இந்தக் கைவினை மோகம் கதையைத் தின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் வெட்டி ஒட்டிக் களைத்துப் போன பிள்ளையிடம் கடைசிப் பத்து நிமிடம் கதை சொன்னால் அது எங்கே கேட்கும்? தோட்டத்துச் சபையில் எங்களுக்கு இருந்தது ஒரு ஃபிளானல் பலகை, அதில் ஒட்டி ஒட்டி எடுக்கிற துணி உருவங்கள், அவ்வளவுதான். சொன்னவர் சொன்ன விதத்தில் சகேயுவின் எரிகோ ஊரே கண்முன் நின்றது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேதக் கதைகளைக் கதாகாலட்சேபமாகப் பாடிப் பாடிச் சொல்லியிருக்கிறார். நமக்குக் கதை சொல்லத் தெரியாது என்று யார் சொன்னது? தெரிந்ததை விட்டுவிட்டு ஐஸ்கிரீம் குச்சிக்குப் பின்னால் ஓடுகிறோம்.

அப்புறம், கதை சொல்கிறவர் கையில் ஐபேட் இருக்கக் கூடாது. படித்துவிட்டு வந்து, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மலைப்பாதை_1 | செவ்வாய், காலை 7.30

ஐயா சொல்வது சரி. ஐபேட் விஷயத்தில் இரட்டைச் சரி.

செந்தூல்வாசி | செவ்வாய், மதியம் 1.05

ஐயா, உங்களோடு எனக்குப் பாதிச் சண்டைதான். கைவினை முதலில், கதை பிறகு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தால் நீங்கள் சொல்வது நிச்சயம் நடக்கும். கைவேலை கதைக்குள்ளேயே இருந்தால்? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. பசை அக்காவின் காட்டத்தி விஷயம் அருமை, எடுத்துக்கொண்டேன்.

பினாங்கு_மறைக்கல்வி | செவ்வாய், இரவு 8.20

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து வருகிறேன், ஆனால் சகேயு எல்லோருக்கும் பொது. நாங்கள் பினாங்கில் மறைக்கல்விப் பிள்ளைகளோடு செய்து பார்த்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லூக்கா 19-ஐ எடுத்து மெதுவாகப் படியுங்கள். சகேயு குள்ளன் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மரத்தில் ஏற்றிவிடுகிறோம். அவன் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன், ஊரே அவனை வெறுத்தது. அந்த வெறுப்பைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டாம், செய்துவிடலாம். வீட்டில் மைலோ டின்னில் பழைய ஒரு சென் காசு கிடக்கும். 2008 ஏப்ரலில் கடைகளில் ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்ததிலிருந்து அதைச் சீண்டுவார் இல்லை, இன்றையப் பிள்ளைகள் பலர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நுழையும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து காசு, அதைப் போட்டு வைக்க அட்டையில் ஒரு சுருக்குப் பை செய்வதுதான் முதல் மேசையின் கைவேலை. அங்கே உட்கார்ந்து அவர்கள் உருகி உருகிப் பை செய்துகொண்டிருக்கும்போது, நன்றாகச் சத்தம் போடத் தெரிந்த ஓர் அப்பா, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, "வரி! வரி!" என்று மேசை மேசையாகப் போய் ஆளுக்கு ஒரு காசு பிடுங்க வேண்டும். கத்தரிக்கோல் வாடகை ஒரு காசு, உட்கார்ந்ததற்கு ஒரு காசு. மண்டபத்தில் எழும் கூச்சலை நீங்கள் கேட்க வேண்டுமே. ஒரு சின்னப் பெண் தன் பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கதையில் சகேயு எழுந்து நின்று, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும்போது, அதே அப்பா திரும்ப மேசைக்கு வருகிறார். பிடுங்கிய ஒவ்வொன்றுக்கும் நான்கு. யாரும் விளக்க வேண்டியதே இல்லை. (முப்பது பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டு பிடுங்கினால் 240 காசு திருப்பித் தர வேண்டும், கணக்குப் போட்டுவிட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள்.) மூன்று வயதுக்குக் கீழ் இருக்கிற பிள்ளைகளுக்குக் காசு வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும், அட்டை வட்டம் போதும்.

பழைய_தோட்டக்காரர் | செவ்வாய், இரவு 9.00

பினாங்கு ஆசிரியரே, இது நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இதில் இன்னும் ஒரு ருசி இருக்கிறது. மோசேயின் சட்டப்படி, செய்த குற்றத்தைத் தானே அறிக்கையிட்டால் வாங்கியதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும், எண்ணாகமம் 5:7. ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு என்பது திருடி விற்றவனுக்கு, அல்லது அறுத்துத் தின்றவனுக்கு, யாத்திராகமம் 22. ஆக, சகேயு தன்னைத் திருடன் கணக்கில் நிறுத்திக்கொள்கிறான். அதற்கு முன்பே சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றும் சொல்லிவிட்டான். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் இதில் யோசிக்க ஏதாவது இருக்கும். அதுவும் ஏப்ரல் 30-க்குள் பிஇ வருமான வரிப் பாரம் அனுப்ப வேண்டிய நேரம் பார்த்து இந்தக் கதையை வைத்திருக்கிறீர்கள், தங்கச்சிக்குக் குறும்புதான்.

செந்தூல்வாசி | செவ்வாய், இரவு 9.25

ஐயா, வருமான வரி இலாகாவை நான் இழுக்கவே இல்லை 😄 ஆனால் இப்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது. சகேயு ஏன் மரம் ஏறினான்? கூட்டம் மறைத்தது. மறைப்பதற்கு உயரமான ஆட்கள் வேண்டும். பிள்ளைகள் மட்டும் இருக்கிற மண்டபத்தில் யார் மறைப்பது? எல்லா அப்பா அம்மாக்களையும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கச் சொல்லி, அந்தப் பக்கம் இயேசுவாக நடிக்கிற அண்ணன் நடந்து போகட்டும், பிள்ளைகள் இந்தப் பக்கம் குதித்தும் குனிந்தும் கால் இடுக்கில் எட்டியும் பார்க்கட்டும். பெற்றோர் இல்லாவிட்டால் இந்தக் கதையை நடத்தவே முடியாது. கமிட்டியில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிறை_ஷிப்ட் | புதன், காலை 8.10 (வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்)

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது சிஸ்டர், ஆனால் பெற்றோர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது யாரை நினைத்துச் சொல்கிறீர்கள்? எங்கள் பினாங்கு பக்கம், பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சனி ஞாயிறு என்று ஒன்று எங்கள் அட்டவணையில் கிடையாது. நான் ஒரு ஷிப்ட், வீட்டுக்காரர் ஒரு ஷிப்ட். என் பிள்ளையைக் கூட்டி வருவது என் அம்மா, அவருக்கு முட்டிவலி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியாது. "அம்மா அப்பா இல்லாமல் வந்தால் உள்ளே விட மாட்டோம்" என்று இங்கே ஓரிடத்தில் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு என் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் விதி நல்ல விதிதான். ஆனால் லோட்டஸுக்குப் போகிறவர்களைத் தடுக்கிறேன் என்று எங்களைப் போன்றவர்களைத் தடுத்துவிடாதீர்கள்.

மலைப்பாதை_1 | புதன், காலை 9.02

இதற்குப் பதில் வேண்டும்.

செந்தூல்வாசி | புதன், மதியம் 12.50

பதில் சொல்கிறேன். 'பெற்றோர்' என்று தலைப்பில் எழுதிவிட்டேன், அழைப்பில் 'வீட்டுப் பெரியவர் ஒருவர்' என்றுதான் வரும். பாட்டி, தாத்தா, சித்தி, மாமா, பதினெட்டு தாண்டிய அக்கா, யாராக இருந்தாலும் சரி. அவர்களும் வர முடியாத பிள்ளைக்கு, முன்கூட்டியே வீட்டில் சொல்லி, சபையில் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் அன்று பிற்பகல் முழுக்க அந்தப் பிள்ளையோடு உட்காருவார். யாரையும் வாசலில் திருப்பி அனுப்பும் பேச்சே இல்லை. உங்கள் அம்மாவுக்கு மெத்தை போட்ட நாற்காலி எங்கள் ஐயர் அறையில் இருக்கிறது, நீங்கள் செந்தூலில் இல்லை என்பதுதான் குறை.

பிறை_ஷிப்ட் | புதன், மதியம் 1.15

அப்படி என்றால் சரி. தூங்கப் போகிறேன்.

எட்டாவது_மாடி | புதன், இரவு 10.30

நான் இந்து. பக்கத்து வீட்டு அக்கா இந்த இழையை அனுப்பினார், அதனால் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பிபிஆர் (அரசாங்க மலிவு வீட்டு) அடுக்குமாடியில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக விளையாடுகிறவர்கள். ஒரு முறை "பிள்ளைகள் கலைவிழா" என்று அழைப்பு வந்தது, அனுப்பினேன். கலைதான் செய்தார்கள், அப்புறம் கதை, அப்புறம் ஜெபம், கடைசியில் கையைத் தூக்கச் சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டார்கள். என் பையன் வீட்டுக்கு வந்து சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. வேதக் கதை என்று முதலிலேயே போட்டிருந்தால் நானும் கூடப் போயிருப்பேன். என் மாமியார் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர், எங்களுக்கு யாரோடும் பகை இல்லை. மறைத்ததுதான் பிடிக்கவில்லை.

இந்தப் பெரியவர் கூட உட்கார வேண்டும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும்போது என் பிள்ளைக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சட்டம்_கொஞ்சம் | வியாழன், காலை 11.20

எட்டாவது மாடி அக்கா எழுதியதை எந்தச் சபையாக இருந்தாலும் கவனமாகப் படிக்க வேண்டும். இது வெறும் மரியாதை விஷயம் இல்லை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12(3) பிரிவு, தன்னுடையது அல்லாத மதப் போதனையிலோ வழிபாட்டிலோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 12(4), பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வார் என்கிறது. கணவர் தன்னைக் கேட்காமல் பிள்ளைகளை இஸ்லாத்துக்கு மாற்றியதை எதிர்த்த இந்திரா காந்தி என்ற இந்துத் தாயின் வழக்கில் 2018-ல் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவருடைய சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்ததை நம் ஆட்கள் எல்லோரும் கொண்டாடினோம். அப்படியிருக்க நாமே ஒரு பிள்ளையிடம் பெயர் எழுதி வாங்கலாமா?

இன்னொன்று, முஸ்லிம் பிள்ளைகள். அடுக்குமாடியில் நண்பன் போகிறான் என்று பின்னாலேயே வந்துவிடுவார்கள். முஸ்லிம்களிடையே பிற மதப் போதனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்பது 11(4), சிலாங்கூரில் 1988-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அதனால் கீழ்த்தளத் திறந்தவெளியில் கதை வைக்காதீர்கள், மண்டபத்துக்குள் வையுங்கள், பெரியவர் பெயர் கொடுத்துப் பதிந்துகொண்டு வரட்டும். தெரியாமல் வந்துவிட்ட பிள்ளையை விரட்டாமல், வீட்டில் கொண்டுபோய் விட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும்.

செந்தூல்வாசி | வியாழன், மதியம் 2.00

அழைப்பு அட்டையின் முதல் வரியிலேயே 'இயேசுவும் சகேயுவும்: வேதாகமக் கதை' என்று பெரிய எழுத்தில் போடுகிறோம். கடைசியில் ஜெபம் உண்டு என்றும் எழுதுவோம், வேண்டாம் என்பவர்கள் அந்நேரம் சாப்பாட்டு மேசையை அடுக்க உதவலாம். பெயர் எழுதி வாங்குவது, கை தூக்கச் சொல்வது எதுவும் கிடையாது. எட்டாவது மாடி அக்கா, உங்கள் மாமியாரையும் கூட்டி வாருங்கள்.

எட்டாவது_மாடி | வியாழன், மதியம் 2.40

சாப்பாட்டில் மாட்டிறைச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மாமியார் சைவம். மீஹூன் கோரெங் (வறுத்த அரிசிச் சேமியா) என்றால் முட்டையும் இறாலும் போடாமல் ஒரு தட்டு தனியாக.

பசையும்_கத்தரியும் | வியாழன், இரவு 7.45

சாப்பாடு என்றதும் ஞாபகம் வந்தது. சகேயு கதை முடிகிற இடமே அவன் வீட்டு விருந்துதான், "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றல்லவா கூப்பிடுகிறார். அப்படியானால் சாப்பாட்டைக் கதை முடிந்த பிறகு என்று ஏன் வைக்கிறீர்கள்? காசைத் திருப்பிக் கொடுக்கிற காட்சியே சாப்பாட்டு மேசையில் நடக்கட்டும். வரி வசூலித்த அப்பாவே சோற்றுக் கரண்டியோடு பரிமாறட்டும். வேர்க்கடலை வேண்டாம், ஒவ்வாமை இருக்கிற பிள்ளை வந்தால் வம்பு. சிரப் பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) போதும், மைலோ என்றால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம். ஏப்ரல் மாதம், நாலு மணிக்கு இடியோடு கொட்டும். உங்கள் மண்டபம் தகரக் கூரையா? கதை சொல்கிறவர் குரல் முன்வரிசைக்கே கேட்காது.

செந்தூல்வாசி | வியாழன், இரவு 8.10

தகரக் கூரைதான். அப்படியானால் கூட்டம் மறைக்கிற காட்சியை மூன்றரைக்கே முடித்துவிட்டு, மழை பெய்யும் நேரம் மரம் செய்யலாம், சாப்பாட்டு மேசையில் மீதிக் கதை. பழைய தோட்டக்கார ஐயா, நீங்கள் வந்து கதை சொல்வீர்களா? கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறினால் செந்தூல் ஒன்றும் தூரம் இல்லை.

பழைய_தோட்டக்காரர் | வியாழன், இரவு 9.30

வருகிறேன். மைக் வேண்டாம். ஆனால் மரத்தில் ஏறுகிற சகேயுவை நான் செய்ய மாட்டேன், எனக்கு எழுபது தாண்டிவிட்டது.

பிறை_ஷிப்ட் | வெள்ளி, காலை 8.05

வரி வசூலிக்கிற அப்பாதானே சகேயு, அவரையே ஏற்றுங்கள். இரும்பு ஏணி வைத்து அதைச் சுற்றி மணிலா அட்டையைக் கட்டினால் மரம். அலுமினிய ஏணி வேண்டாம், ஆடும். கீழே இரண்டு பேர் பிடித்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் யாரும் ஏறாமல் ஒருவர் காவல் நிற்கட்டும். அந்த அப்பாவுக்கு எத்தனை கிலோ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி | வெள்ளி, காலை 8.30

தொண்ணூற்று நாலு. மூன்றாம் படிக்கு மேல் ஏற மாட்டாராம்.